இருபத்தெட்டு இன்ச் கடல்கன்னி

வாலக்காவின் டேப் பொய் சொல்லும். இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் தன்னை நினைத்து இல்லை, நாத்தனாரை நினைத்து.

அவள் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும். நகரத்து மீன்காட்சிச்சாலையில் மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. தினமும் மாலையில் ஐந்து கடல்கன்னிகள் அதில் நீந்துவார்கள். டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம் அவர்களைப் பார்க்கத்தான் வருகிறது. பக்கத்துத் தொட்டிச் சுறாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கடல்கன்னிக்கு நேரமாகவில்லையே என்று பார்க்கிறவர்கள். அந்த ஐந்து பேருடைய வாலையும் வெட்டி, தைத்து, வர்ணம் அடித்து, கிழிந்தால் ஒட்டுப்போடுகிறவள் இவள். சேரும்போது அடையாள அட்டையில் 'ஆடை அலங்கார உதவியாளர்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. எல்லாருக்கும் அவள் வாலக்கா. வாசல் காவலாளிக்கு அவளைவிட வயது அதிகம், அவருக்கும் வாலக்காதான்.

வால் என்றால் ஏதோ பாவாடையின் அடியைக் குறுக்கித் தைப்பது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. ஆளைக் காக்கிக் காகிதத்தின் மேல் கால்களைச் சேர்த்துப் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். இடுப்பு, தொடை, முட்டி, கணுக்கால் என்று சாணுக்குச் சாண் சுற்றளவு எடுக்க வேண்டும். நான்கு பக்கமும் இழுபடுகிற துணியாகப் பார்த்து வெட்ட வேண்டும். வர்ணத்தைத் துணி சும்மா கிடக்கும்போது அடித்தால் காலை உள்ளே விட்டதும் வெடித்துவிடும். அதனால் பழைய துண்டுகளைத் திணித்துச் செய்த இரண்டு பொய்க்கால்களுக்கு வாலை மாட்டி, மேலே ஒரு வலையை இழுத்துக் கட்டி, வலைக்கண் வழியாகப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். வலையைப் பிரித்தால் செதில் செதிலாக நிற்கும். சமிக்கியைப் பசை போட்டு ஒட்டினால் குளோரின் தண்ணீர் ஒரு வாரத்தில் தின்றுவிடும். ஒவ்வொன்றாகக் கையால்தான் தைக்க வேண்டும். கடைசியில் துடுப்பின் ஓரத்து மெல்லிய துணி தண்ணீரில் அலை அலையாக நிற்பதற்காக, மடிப்புக்குள் தூண்டில் நரம்பைக் கோத்துத் தைப்பாள். மீனைப் பிடிக்கிற நரம்பை மீனுக்குள்ளேயே வைத்துத் தைக்கிற ஒரே ஆள் தான்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இனி நாத்தனார். கணவனின் தங்கை. வீட்டில் எல்லாரும் குட்டி என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்தெட்டு. தொட்டியில் இருக்கிற ஐவரில் மூத்தவளும் முதன்மையானவளும் அவள்தான். கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றபோது, வாலக்கா வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள் என்று சொன்னால் அது பொய். இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் ஒத்துப்போகவே இல்லை. குட்டி நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல்தான் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி வேலைக்குச் சேர்த்துவிட்டாள். குட்டி தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்தால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், "மாமியார் வீட்ல. அங்க மூச்சு விட்டாலே சத்தமா இருக்குன்னுவாங்க" என்பாள்.

அந்தத் தொட்டிதான் அவளை எழுப்பி நிற்கவைத்தது. தண்ணீரில் நிற்பது என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் அப்படித்தான்.

தொட்டிக்கு ஒரு விதி இருந்தது. உடை மாற்றும் அறைச் சுவரில் மேனேஜர் அதை அச்சடித்து ஒட்டியிருந்தார். கடல்கன்னியின் இடுப்பு முப்பது இன்ச்சைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிக்கெட் கவுண்டர். கடல்கன்னி என்ற ஒன்று இருந்தால் அதற்கு இடுப்பு எவ்வளவு என்று மேனேஜருக்கு யார் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் விதி என்று ஒட்டிவிட்டால் அதற்குக் காரணம் கேட்கிற வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் வாலக்கா ஐந்து பேரையும் அளந்து மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வாள். குட்டியின் அளவு எப்போதும் இருபத்தெட்டு. சேர்ந்த நாளிலும் இருபத்தெட்டு, போன சீசனிலும் இருபத்தெட்டு.

இந்த இருபத்தெட்டு குட்டியின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. புருஷன் போனான், நகை போனது, இது மட்டும் போகவில்லை என்கிற மாதிரி. மற்ற நாலு பேருக்கும் உடம்பைப் பற்றி வகுப்பெடுப்பாள். எல்லாரையும்விட இளையவளுக்கு ஒல்லி என்று பட்டப்பெயர். அவளிடமே போய், "நீ கொஞ்சம் கவனமா இரு, இப்பவே கழுத்து தடிக்குது" என்பாள்.

டேப்பின் குட்டு வெளிப்பட்டது ஒரு ஜன்னல் திரையால். வீட்டு ஜன்னலுக்குத் திரை போடலாம் என்று வாலக்கா வேலை இடத்து டேப்பைக் கொண்டுபோய் அளந்தாள். துணிக்கடையில் அந்த அளவைச் சொல்லி வெட்டி வாங்கினாள். மாட்டிப் பார்த்தால் திரை ஜன்னலின் முழங்காலோடு நின்றுவிட்டது. நேராகக் கடைக்குப் போய், பட்டப்பகலில் ஆளை ஏமாற்றுகிறீர்களா என்று நாலு பேர் கேட்கச் சண்டை போட்டாள். கடைக்காரர் தன் இரும்பு அளவுகோலை எடுத்து அவள் டேப்பின் பக்கத்தில் வைத்தார். அவள் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே கடையில் ஒரு புது டேப் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

காரணம் அவளே செய்துவைத்த காரணம். கத்தரிக்கோலை இரவல் வாங்குகிறவர்கள் திருப்பித் தருவதில்லை என்று, அந்தக் கனத்த இரும்புக் கத்தரியை டேப்பின் நுனியில் முடிச்சுப் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். அறை பம்பு அறையை ஒட்டியது. நாள் முழுக்க வெந்நீர்க் குழாயின் ஈரச்சூடு. துணி டேப் என்ன செய்யும், பாவம்? வருஷக்கணக்கில் தொங்கித் தொங்கி நீண்டுவிட்டது. முப்பத்தொன்றைப் பார்த்து இருபத்தெட்டு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அளப்பதும் அதே டேப், வெட்டுவதும் அதே டேப் என்பதால் வால் மட்டும் எல்லாருக்கும் ஊற்றி வைத்த மாதிரிப் பொருந்தும். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று மாலை காட்சி முடிந்து குட்டி ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, தையலைச் சரிபார்க்கிற சாக்கில் புது டேப்பை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டுப் பார்த்தாள் வாலக்கா. முப்பத்தொன்று. சந்தேகத்துக்கு இடமில்லாத முப்பத்தொன்று.

அவள் புது டேப்பைச் சுருட்டி நூல் பெட்டியின் அடியில் போட்டாள். பழையதைக் கத்தரியோடு ஆணியில் மாட்டினாள். இரண்டு சீசன் அப்படியே போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இது அவ்வளவு கஷ்டமாகக்கூட இல்லை, பூசணிக்காயே ஒத்துழைத்தது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் மேனேஜர் மண்ணைப் போட்டார். புதுக் காட்சி வரப்போகிறது, வால்கள் வெளியே ஒரு கம்பெனியில் தைக்கப்படும், வாலக்கா இனிமேல் பழுது பார்த்தால் போதும் என்றார்.

"ஏன் சார், நான் தைச்சதுல என்ன கொறை?" என்றாள் வாலக்கா.

"கொறையே இல்ல. நீங்க தைச்சா தைச்ச மாதிரி இருக்கு. அவங்க தைச்சா நெஜம் மாதிரி இருக்கு."

நிஜத்தை இவர் எங்கே பார்த்தார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அவங்க ஆள் ஒருத்தர் வந்து அளவு எடுப்பார். அப்படியே நானும் எல்லாரோட இடுப்பையும் குறிச்சுக்கறேன்" என்றார் மேனேஜர்.

வாலக்காவுக்கு வாலைப் பறித்த வருத்தம் அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. வெளி ஆள் என்றால் வெளி டேப். வெளி டேப் என்றால் முப்பத்தொன்று. முப்பத்தொன்று என்றால் கவுண்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு துளை வைத்த பெட்டிக்குள் உட்கார்ந்து, பெரியவர் எத்தனை சிறியவர் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்கிற குட்டியை நினைத்துப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். இந்தத் தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேறு தொட்டி இல்லை.

முன்னாலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அன்று சமையலறையில் குட்டி மூன்றாவது ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"குட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணி."

"அது வந்து..."

"நான் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. அதானே? ஒடம்பு வாகு அண்ணி. எல்லாருக்கும் அமையாது." அவள் வாலக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கும் ஒரு காலத்துல இருந்திருக்கும்."

"உன் பச்சை வால்ல பூஞ்சை பிடிச்சிருக்கு. காயப் போடணும்" என்றாள் வாலக்கா.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் மேலே போகுமா கீழே போகுமா என்று மட்டும் பார்ப்பவன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சொன்னா அழுவா. சொல்லலைன்னா வேலை போயிடும்" என்றான். இது அவளுக்குத் தெரியாதா? கேள்வியையே திருப்பிப் பதில் மாதிரி சொல்வதற்கு ஒரு புருஷன்.

அளவுக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்டு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். கழுத்தில் டேப். வாலக்காவின் கண் அதன்மேலேயே இருந்தது. ஆனால் ஐந்து பெண்களும் நீச்சல் உடையில் வரிசையாக வந்து நின்றதும் மனிதர் அப்படியே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்களே புடிச்சுச் சொல்லுங்கம்மா. நான் எழுதிக்கறேன்" என்று சுவரிடம் சொன்னார். "வெளி ஆம்பளை கை பட்டா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

இப்படி ஒரு நல்ல மனிதரை வாலக்கா தன் ஆயுளில் பார்த்ததில்லை. கும்பிடாத குறையாக, "அதுக்கென்ன அண்ணே, நானே எடுக்கறேன். என் டேப் இங்கேயே இருக்கு, கைக்குப் பழகினது" என்று ஆணியை நோக்கி நடந்தாள்.

ஐந்து பேரையும் அதே டேப்பால் அளந்தாள். ஒருத்திக்கு ஒரு டேப் என்று மாற்றினால் சந்தேகம் வருமே. இடுப்பு, தொடை, முட்டி, உயரம் எல்லாம் உரக்கச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். குட்டியின் முறை வந்தபோது குட்டியே முந்திக்கொண்டு, "இருபத்தெட்டு, எழுதிக்கோங்க" என்றாள். டேப்பும் அதையே சொன்னது. கதவருகே நின்ற மேனேஜர் தலையை ஆட்டினார். வேலை முடிந்து அளவுக்காரர் கிளம்பிப் போனபோது வாலக்காவுக்கு உடம்பே லேசாக இருந்தது. போகிற வழியில் தனக்காக ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் நினைக்காதது ஒன்றுதான். இந்த அளவை வைத்து வெட்டப்போவது அவள் டேப் இல்லை.

இத்தனை வருஷம் அளக்கிற கையும் வெட்டுகிற கையும் ஒன்றாக இருந்த பழக்கத்தில், அளவு என்பது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் என்பதே அவள் புத்தியில் ஏறவில்லை. இதை எந்த ஊர்த் தையல்காரியிடம் சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்று சொல்லலாம். விட்டது அவள் கால் மட்டுமில்லை, பத்துக் கால்.

புதுக் காட்சி தொடங்குகிற நாள் காலையில் பெட்டி வந்தது. மரியாதைக்காக அளவுக்காரரும் கூடவே வந்திருந்தார். வால்கள் உண்மையிலேயே அழகாக இருந்தன. அதை வாலக்கா வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொண்டாள். தடித்த ரப்பர்த் துணி, செதில் ஒவ்வொன்றும் புடைத்து நின்றது. ஐந்து பேரும் தொட்டியின் மேல்தளத்து ஈரத் தரையில் உட்கார்ந்து, காலில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு வாலுக்குள் நுழைந்தார்கள். முட்டிவரை போயிற்று. முட்டிக்கு மேல் போகவில்லை.

"இழுங்க" என்றார் மேனேஜர்.

இழுத்தார்கள். ஒருத்தியை இன்னொருத்தி இழுத்தாள். ஒல்லி மல்லாந்து படுத்து இரண்டு காலையும் தூக்கி உதறினாள். துணி ஒரு விரல்கூடக் கொடுக்கவில்லை. வாலக்காவின் துணியாக இருந்தால் முனகிக்கொண்டாவது இடம் கொடுத்திருக்கும். ஐந்து கடல்கன்னிகள் பாதி முளைத்த மாதிரித் தரையில் கிடந்தார்கள். வாலக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேனேஜர் அளவுக்காரர் மேல் பாய்ந்தார். "என்னய்யா தைச்சிருக்கீங்க? பொம்மைக்கா?"

அளவுக்காரர் பதறவில்லை. தன் டேப்பை எடுத்து ஒரு வாலை அளந்தார். எழுதிவைத்திருந்ததைப் பார்த்தார். "குடுத்த அளவுக்கு நூல் பிசகல சார்." பிறகு மெதுவாக, "வேணும்னா இவங்கள மறுபடி அளந்துடலாம். இந்தத் தடவை என் டேப்ல."

"அளங்க. இப்பவே அளங்க. ஒருத்தர் விடாம" என்றார் மேனேஜர்.

குட்டி முதல் ஆளாக வாலை உதறிக்கொண்டு எழுந்தாள். "என்னை முதல்ல எடுங்க. என் அளவு ஊருக்கே தெரியும். அதுல தப்பு வந்தா உங்க கம்பெனி மேலதான் தப்பு." கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. அந்த முகத்தைப் பார்க்க வாலக்காவால் முடியவில்லை. அளவுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே டேப்பை நீட்டினார்.

"வேண்டாம்" என்றாள் வாலக்கா. "யாரையும் அளக்க வேண்டாம். தப்பு என்னோடது."

எல்லாரும் திரும்பினார்கள்.

"என் டேப் நீண்டுபோச்சு. பத்துக்கு ஒண்ணு கம்மியாக் காட்டும். எல்லா வாலும் அந்தக் கணக்குல சின்னதா வந்திருக்கு. பழைய வால வெட்டி ரெண்டு பக்கமும் பட்டை குடுத்தா சரியாயிடும். அளக்கவே வேண்டாம் சார்."

"எப்பலருந்து நீண்டுபோச்சு?" என்றார் மேனேஜர்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்றுதான் கவனித்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"தெரிஞ்சு ரெண்டு சீசன் ஆச்சு. தெரிஞ்சுதான் வெச்சிருந்தேன்."

குட்டியின் தூக்கிய கைகள் இன்னும் இறங்கவில்லை. அவளுக்கு மனக்கணக்கு நன்றாக வரும். அதுதான் இப்போது ஆபத்து. உதடு லேசாக அசைந்தது. பத்துக்கு ஒன்று என்றால் இருபத்தெட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிற உதடு. முடித்ததும் வாலக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவள் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் வாலக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

குட்டி அளவுக்காரர் கையிலிருந்து டேப்பை வாங்கினாள். தானே இடுப்பைச் சுற்றிப் போட்டாள். இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. குனிந்து படித்தாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள் மேனேஜரைப் பார்த்து. குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது. "எழுதிக்கோங்க சார்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரூல்னு ஒண்ணு இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. காட்சி முடியட்டும், நாளையிலருந்து கவுண்டர்ல..."

"இருங்க சார்" என்று ஒல்லி எழுந்தாள். குட்டியிடமிருந்து டேப்பை வாங்கித் தன் இடுப்பில் போட்டாள். முப்பதரை. அவளே நம்பாமல் இரண்டு தடவை பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். முப்பத்திரண்டு. அதற்கடுத்தவள் முப்பத்தொன்றரை. கடைசி ஆள் அளந்துவிட்டு எண்ணைச் சொல்லாமல், "நானும் கவுண்டர்" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜருக்கு வியர்த்தது. "டேப்தான் தப்பு" என்றார். "ஒரு டேப் நீளும்னா இன்னொரு டேப் சுருங்காதா? இது சுருங்கின டேப்."

"என் டேப் சரியாத்தான் இருக்கு சார்" என்றார் அளவுக்காரர். தொழிலைக் குறை சொன்னதும் அவருக்கு முதல்முறையாகச் சுருக்கென்றது.

"இருந்தா பாத்துடலாம். என் பேன்ட் சைஸ் இருபத்தொம்பது. கல்யாணமான நாளிலருந்து அதே சைஸ். என் மேல போடுங்க."

அளவுக்காரர் மேனேஜரின் சட்டையைத் தூக்கிவிட்டு இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டார். எந்தக் கூச்சமும் இல்லாமல் குனிந்து பார்த்தார். "இருபத்தொம்பது. நூல் பிசகல."

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. விதிப்படி அந்தத் தொட்டியில் இறங்கத் தகுதியுள்ள ஒரே ஜீவன் யார் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உறைக்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

"அப்ப சார்தான் எறங்கணும்" என்றாள் ஒல்லி. "நீச்சல் தெரியுமா சார்?"

தெரியாது. அதை அவர் சொல்லவும் இல்லை. சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, கீழே இறங்கிப் போய், உடை மாற்றும் அறையில் தானே ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் ஒட்டியிருந்த விதியைக் கிழித்து எடுத்தார். பிறகு மேலே வந்து, காட்சியை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதாகவும் அதற்குள் வால் தயாராக வேண்டும் என்றும், ஏதோ இவ்வளவு நேரமும் மற்றவர்கள்தான் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்த மாதிரிச் சத்தம் போட்டார்.

தையல் அறையில் அன்றைக்கு நடந்த வேலை ஒரு வாரத்து வேலை. அளவுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் கம்பெனி போட்ட தையலைத் தானே பிரித்துக் கொடுத்தார். வாலக்கா பழைய வால்களை எடுத்துப் போட்டு நீளநீளமாகப் பட்டை வெட்டினாள். தான் பஞ்சால் ஒற்றி ஒற்றி எழுப்பிய செதில்களின் மேல் கத்தரியை வைக்கும்போது மட்டும் ஒரு நொடி கை நின்றது. பிறகு ஓடிற்று. ரப்பர்த் துணிக்கு நடுவே இழுபடுகிற துணி. பக்கத்துக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டி. மற்ற நாலு பேரும் தரையில் உட்கார்ந்து தையல் மறைய சமிக்கி தைத்தார்கள். குட்டியும் தைத்தாள். ஆனால் வாலக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்தாள். நூல் வேண்டுமென்றால்கூட ஒல்லியிடம் சொல்லி வாங்கினாள்.

மனதுக்குள் வாலக்கா நூறு தடவை மன்னிப்புக் கேட்டாள். வாய் திறந்து ஒரு தடவைகூட வரவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாலையில் கீழே கூட்டம் நிரம்பிய சத்தம் மேல்தளம்வரை வந்தது. நாலு பேரும் ஒருவருக்கொருவர் வாலை மாட்டிவிட்டு இறங்கியாயிற்று. குட்டி கடைசியில், நடுவில் இறங்க வேண்டியவள். அவளுக்கு மாட்டிவிட வாலக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை. இதை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

குட்டி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டினாள். வாலக்கா முட்டி போட்டு, வாலைச் சுருட்டிப் பிடித்து, பாதத்தைத் துடுப்புக்குள் நுழைத்து, கணுக்கால், முட்டி என்று மேலே ஏற்றினாள். தொடையில் பட்டை மெல்ல இழுபட்டு வழி விட்டது.

"கோவம் போகல" என்றாள் குட்டி. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வீட்டுக்கு வந்து வெச்சுக்கறேன். நான் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தப்ப நீங்க பக்கத்துலயே உக்காந்து சமிக்கி தைச்சுக்கிட்டிருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்ல வந்தேன் குட்டி. வாய் வரல."

"பூஞ்சைன்னீங்க."

"ஆமா."

கீழே இசை ஆரம்பித்துவிட்டது. குட்டி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைப் பல பேரு ஏமாத்தியிருக்காங்க அண்ணி. எனக்காக ஏமாத்தினது நீங்க ஒருத்தர்தான்."

வாலக்காவுக்குக் கண் மறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு இடுப்புப் பட்டியைப் பிடித்து மேலே இழுத்தாள். கை பட்டதும் குட்டி வழக்கம்போல வயிற்றை எக்கிக்கொண்டாள்; விலா எலும்பெல்லாம் தெரிய, மூச்சை அடக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"எக்காத" என்றாள் வாலக்கா. "விடு. உனக்கு எடம் விட்டுத்தான் தைச்சிருக்கேன்."

குட்டி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு வயிற்றை விட்டாள். பட்டி அவள் இடுப்பில் போய் உட்கார்ந்தது, எங்கேயும் பிடிக்கவில்லை. அவள் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.